தளம் கேட்கிறது, உலாவி பதில் சொல்கிறது: இணைய வீடியோ வடிவங்களும் பயனரின் உரிமையும்

யூடியூபில் ஒரு வீடியோவை அழுத்தியதும் படம் வருவதற்கு முன்னால் சின்ன விசாரணை ஒன்று நடந்து முடிகிறது. தளம் அனுப்பிய நிரல் உலாவியிடம் கேட்கிறது: ஏவி1 வடிவத்தில் அனுப்பினால் உன்னால் ஓட்ட முடியுமா? விபி9 ஓடுமா? எச்.264? உலாவி பதில் சொல்கிறது. தளத்திடம் அதே வீடியோ பல வடிவங்களில் தயாராக இருக்கிறது. பதிலைப் பார்த்து அவற்றில் ஒன்றை அனுப்பிவைக்கிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பார்ப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

பதிலை அறிய ஒரு வழி உண்டு. கணினியில் ஓடும் யூடியூப் வீடியோவின் மேல் வலது சொடுக்கு செய்தால் வரும் பட்டியலில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் மூலையில் கருப்புப் பெட்டி விரியும். 'கோடெக்ஸ்' என்ற வரிக்கு எதிரே 'ஏவிசி1' என்று தொடங்கினால் வந்துகொண்டிருப்பது எச்.264. 'விபி09' என்றால் விபி9, 'ஏவி01' என்றால் ஏவி1. அதே பெட்டியில் எத்தனை ஃபிரேம்கள் வந்தன, அவற்றில் எத்தனை காட்டப்படாமல் விடுபட்டன என்ற கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பத்தாண்டு பழைய மடிக்கணினியில் அந்த விடுபட்ட எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதையும், விசிறி இரையத் தொடங்குவதையும் பலர் பார்த்திருப்பார்கள். கணினி பழசாகிவிட்டது என்று நினைப்பார்கள். பல சமயம் கோளாறு கணினியில் இல்லை; அந்தக் கேள்விக்குத் தரப்பட்ட பதிலில் இருக்கிறது.

இணைய வீடியோவின் இருபதாண்டு வரலாற்றைத் தொழில்நுட்பங்களின் போட்டியாகச் சொல்வது வழக்கம். அந்தப் பதிலைச் சொல்லும் அதிகாரம் கைமாறிய கதையாகவும் அதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால்தான் பயனர் எங்கே நிற்கிறார் என்பது தெரியும்.

பாத்திரமும் பண்டமும்

1920-க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 30 படங்கள், புள்ளிக்கு 24 பிட் வண்ணம் என்று எதையும் சுருக்காமல் அனுப்பினால் ஒரு நொடி வீடியோவுக்கு ஏறத்தாழ 186 எம்பி தேவைப்படும். சாதாரண வீட்டு இணைப்பு இதைத் தாங்காது. அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதிகளை விட்டுவிட்டு மாறியதை மட்டும் குறித்துக்கொள்வது போன்ற உத்திகளால் இதை ஒரு எம்பிக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். சுருக்குவதற்கும் மறுபடி விரிப்பதற்குமான இந்த விதிமுறைக்குப் பெயர் கோடெக். எச்.264, விபி9, ஏவி1 எல்லாம் கோடெக்குகள்.

எம்பி4, வெப்எம் என்று கோப்புப் பெயரின் வாலில் வருபவை வேறு. படத்தையும் ஒலியையும் சேர்த்து வைத்திருக்கும் பாத்திரங்கள் அவை. தூக்குச்சட்டியை வெளியிலிருந்து பார்த்து உள்ளே சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாது. 'எம்பி4தானே, ஏன் ஓடவில்லை' என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான். உள்ளே இருக்கும் கோடெக்கை விரிக்கத் தெரியாத உலாவிக்குப் பாத்திரம் பழக்கமானதாக இருந்து பயனில்லை.

விரிக்கும் வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம். சிப்பிலேயே அதற்கென்று செதுக்கப்பட்ட சுற்று இருந்தால் மின்சாரம் மிச்சம், சூடும் குறைவு. இல்லாவிட்டால் மென்பொருள் வழியே மையச் செயலியே முழுப் பாரத்தையும் சுமக்கும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த கணினி, கைபேசி ஏறத்தாழ எல்லாவற்றிலும் எச்.264க்கான சுற்று உண்டு. இன்டெல் சிப்புகளில் விபி9க்கான முழுமையான சுற்று ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1க்கு 2020இல் வந்த பதினோராம் தலைமுறை. ஆப்பிள் கைபேசிகளில் ஏவி1 சுற்று முதலில் வந்தது 2023இன் ஐஃபோன் 15 ப்ரோவில்.

ஃப்ளாஷ் காலம்

2005இல் யூடியூப் தொடங்கியபோது உலாவிக்கு வீடியோ ஓட்டத் தெரியாது. அந்த வேலையை ஃப்ளாஷ் என்ற செருகுநிரல் செய்தது. மேக்ரோமீடியா வளர்த்த அதை அதே ஆண்டு அடோபி வாங்கியது. பக்கத்தில் ஒரு செவ்வகத்தை ஒதுக்கித் தருவதோடு உலாவியின் பொறுப்பு முடிந்துவிடும். செவ்வகத்துக்குள் நடப்பது அடோபியின் ராஜ்ஜியம். பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடோபி அடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் செவ்வகத்துக்கு வெளியே பயனருக்கு நல்ல பிடி இருந்தது. ஃபயர்ஃபாக்ஸுக்கான 'ஃப்ளாஷ்பிளாக்' என்ற சிறு நீட்சி, நீங்கள் அழுத்தும்வரை எந்த ஃப்ளாஷும் ஓடாமல் தடுத்து வைத்தது. வேண்டாம் என்றால் செருகுநிரலையே கழற்றிவிடலாம். மூடிய மென்பொருள்தான், ஆனாலும் அது எங்கே இருக்கிறது, எப்படி நிறுத்துவது என்பது சாதாரணப் பயனருக்கும் தெரியும்.

மாற்று முயற்சி 2007இல் வந்தது. வீடியோவுக்கென்று எச்டிஎம்எல்லில் தனிக் குறிச்சொல் வேண்டும் என்று ஓபரா நிறுவனம் முன்மொழிந்தது. படத்தைப் போடுவதுபோல வீடியோவையும் ஒரே வரியில் போட்டுவிடலாம். எந்தக் கோடெக் என்பதில்தான் சிக்கல். காப்புரிமைக் கட்டணம் இல்லாத ஆக் தியோராவை எல்லா உலாவிகளும் ஆதரிக்கலாம் என்று முதல் வரைவு பரிந்துரைத்தது. நோக்கியாவும் ஆப்பிளும் எதிர்த்தன. 2007 டிசம்பரில் அந்த வரி நீக்கப்பட்டது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கோடெக் எதுவும் இல்லை என்று 2009இல் வரைவின் தொகுப்பாளர் இயன் ஹிக்சன் கைவிட்டார். எச்டிஎம்எல் தரநிர்ணயம் வீடியோ எப்படி வர வேண்டும் என்று சொன்னது. எந்தக் கோடெக்கில் வர வேண்டும் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் முன்பு சொன்ன கேள்வி பிறந்தது. தளம் 'கேன்ப்ளேடைப்' என்ற கட்டளை வழியே உலாவியைக் கேட்கலாம். அதற்கு மூன்றே பதில்கள்: 'ப்ராபப்ளி', 'மேபி', அல்லது வெற்றுச் சரம். அதாவது அநேகமாக முடியும், முடியலாம், மௌனம். உறுதியாக 'முடியும்' என்ற பதில் தரநிர்ணயத்திலேயே கிடையாது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பதை எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

காப்புரிமை வகுத்த பாதை

2003இல் வெளியான எச்.264 தரத்தில் சிறந்தது. ஆனால் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் அதில் அடங்கியிருந்தன. அவற்றைத் தொகுத்து உரிமம் வழங்கியது எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு. ஆண்டுக்கு முதல் ஒரு லட்சம் பிரதிகளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் பிரதிக்கு 20 அமெரிக்க சென்ட், 50 லட்சத்தைத் தாண்டினால் 10 சென்ட். பெரிய நிறுவனத்துக்கு உச்சவரம்பும் உண்டு. ஆப்பிளுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் இது சில்லறைச் செலவு. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து இலவசமாகப் பகிரலாம் என்ற உரிமத்தில் வெளிவரும் ஃபயர்ஃபாக்ஸுக்கு இது கொள்கையிலேயே ஒத்துவராத ஏற்பாடு. பிரதிகளை எண்ணிக் காசு கட்ட வேண்டும் என்றால் 'யார் வேண்டுமானாலும் பகிரலாம்' என்ற உறுதிமொழி செத்துப்போகும்.

அதனால் 2009இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.5 தியோராவை மட்டும் ஓட்டியது. சஃபாரி எச்.264ஐ மட்டும் ஓட்டியது. குரோம் இரண்டையும் ஓட்டியது. 2010 தொடக்கத்தில் ஆன்2 என்ற நிறுவனத்தை வாங்கி முடித்த கூகுள், அதன் விபி8 கோடெக்கை அந்த மே மாதத்தில் கட்டணமின்றித் திறந்துவிட்டு, வெப்எம் என்ற பாத்திரத்தையும் அறிவித்தது. 2011 ஜனவரியில் ஒரு படி மேலே போய், குரோமிலிருந்து எச்.264ஐ நீக்கப்போவதாகச் சொன்னது. திறந்த இணையத்தை விரும்பியவர்கள் மகிழ்ந்தார்கள். அந்த வாக்கு நிறைவேறவே இல்லை. குரோம் இன்றும் எச்.264ஐ ஓட்டுகிறது.

முடிவைத் தீர்மானித்தது சிப். 2007இல் ஐஃபோன் வந்தபோதே அதற்காக யூடியூப் தன் வீடியோக்களை எச்.264இல் மாற்றத் தொடங்கியிருந்தது. கைபேசிச் சிப்புகளில் அதற்கான சுற்று ஏற்கெனவே இருந்தது, தியோராவுக்கு இல்லை. கைபேசியில் உலாவி நடத்தும் எவரும் மின்கலத்தை எதிர்த்து வாதாட முடியாது. 2012 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லா இறங்கிவந்தது: இயங்குதளத்திலேயே இருக்கும் எச்.264 வசதியை ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்திக்கொள்ளும் என்றது. 2013இல் சிஸ்கோ ஒரு சமரசம் தந்தது. தன் ஓபன்எச்264 நிரலின் மூலத்தைத் திறந்துவிட்டு, தான் தொகுத்துத் தரும் பிரதிகளுக்கான கட்டணத்தைத் தானே கட்டுவதாக ஒப்புக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸின் நீட்சிகள் பக்கத்தில், 'பிளகின்ஸ்' பகுதியில் சிஸ்கோவின் பெயரோடு அது இருப்பதை இன்றும் காணலாம்.

எச்.264இன் அடுத்த தலைமுறையான எச்இவிசி 2013இல் வந்த பிறகு காப்புரிமைத் தொகுப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஆகிவிட்டன. யாருக்கு எவ்வளவு கட்டுவது என்பதே தெளிவில்லை. இந்த எரிச்சலில்தான் 2015 செப்டம்பரில் அமேசான், சிஸ்கோ, கூகுள், இன்டெல், மைக்ரோசாஃப்ட், மோசில்லா, நெட்ஃபிளிக்ஸ் ஆகிய ஏழும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. 2018 மார்ச்சில் அதன் ஏவி1 வெளியானது. கட்டணமில்லாக் கோடெக் பெரிய நிறுவனங்களின் விருப்பமாகவே ஆகிவிட்டது. அவர்களின் கணக்கு வேறு: அதே தரத்துக்குக் குறைந்த அலைவரிசை, குறைந்த செலவு.

செலவு மறைந்துவிடவில்லை. இடம் மாறியது. தளத்தின் அலைவரிசை மிச்சமாகிறது. ஏவி1 சுற்று இல்லாத கணினியில் அந்த மிச்சத்துக்கான விலையைப் பார்ப்பவரின் செயலியும் மின்கலமும் கொடுக்கின்றன.

பதிலை மாற்றும் நீட்சி

இந்தச் சுமைக்குப் பயனர்கள் கண்டுபிடித்த மாற்று மிக எளிமையானது. 'எச்264இஃபை' என்று ஒரு நீட்சி இருக்கிறது. வீடியோவை அது தொடுவதே இல்லை. தளம் கேட்கும் கேள்விகளை மட்டும் வழிமறிக்கிறது. 'கேன்ப்ளேடைப்', 'இஸ்டைப்சப்போர்ட்டட்' என்ற இரண்டு கட்டளைகளுக்கும் உலாவி தரும் பதிலைத் தன் பதிலால் மாற்றிவைக்கிறது. வெப்எம், விபி9, ஏவி1 என்று கேள்வியில் எங்கு வந்தாலும் 'இல்லை'. எச்.264 என்றால் உலாவியின் உண்மையான பதில். ஓட்டத் தெரிந்த உலாவி தெரியாது என்று சொல்கிறது. யூடியூப் நம்பிக்கொண்டு எச்.264 பிரதியை அனுப்புகிறது. அந்தக் கருப்புப் பெட்டியில் 'விபி09' இருந்த இடத்தில் 'ஏவிசி1' வந்துவிடும். விடுபடும் ஃபிரேம்கள் நின்று, விசிறியும் அடங்கும். நொடிக்கு 60 ஃபிரேம் வீடியோக்களைத் தவிர்க்கும் வசதியும் அதிலேயே உண்டு.

ஃபயர்ஃபாக்ஸில் நீட்சி இல்லாமலும் ஓரளவு செய்யலாம். முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று கொடுத்து 'மீடியா.ஏவி1.எனேபிள்ட்' என்பதைத் தேடி அணைத்தால் அந்த உலாவி ஏவி1ஐ மறுத்துவிடும். எந்தக் கோடெக்குக்கு உங்கள் கணினியில் சுற்று உண்டு என்பதை 'அபவுட்:சப்போர்ட்' பக்கத்தில் பார்க்கலாம். குரோமில் அதற்கு 'குரோம்://ஜிபியு'.

இதற்கு ஒரு விலை உண்டு. யூடியூப் எச்.264இல் தருவது 1080பி வரைதான். 4கே வேண்டும் என்றால் விபி9 அல்லது ஏவி1தான் வழி. தரவும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். கைபேசித் தரவைப் பகிர்ந்து கணினியில் பார்ப்பவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். புதிய கணினி வைத்திருப்பவருக்கு இந்த நீட்சி தேவையே இல்லை. ஆனால் தேவையா இல்லையா என்பதை முடிவு செய்யக்கூடியவர் அந்தக் கணினிக்கு உடையவர்தான். அவருடைய மின்கலத்தின் வயதோ அறையின் வெக்கையோ தளத்துக்குத் தெரியாது.

இணையத்தரத்தில் இப்போது 'மீடியா கேப்பபிலிட்டீஸ்' என்ற புதிய கேள்விமுறை வந்திருக்கிறது. ஓடுமா, தடங்கலின்றி ஓடுமா, மின்சாரம் மிச்சமாகுமா என்று மூன்று பதில்களை அது கேட்கிறது. நல்ல முன்னேற்றம். பதிலைக் கேட்டபின் எதை அனுப்புவது என்ற முடிவு மட்டும் தளத்திடமே இருக்கிறது.

பூட்டிய பெட்டி

இதுவரை சொன்ன எல்லாமே பயனர் பதிலை மாற்ற முடிகிற இடங்கள். மாற்ற முடியாத இடமும் ஒன்று உருவாகிவிட்டது. திரைப்பட நிறுவனங்கள் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டைக் கேட்டன. அந்தப் பூட்டை உலாவியோடு இணைக்கும் முறைக்கு ஈஎம்ஈ என்று பெயர். வீடியோவை விரிக்கும் வேலையை உலாவி ஒரு மூடிய நிரலிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கூகுள் 2010இல் வாங்கிய வைடுவைன் இவற்றில் பரவலானது. 2017 செப்டம்பர் 18 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி இதைப் பரிந்துரையாக வெளியிட்டது. வாக்கெடுப்பில் ஆதரவு 108, எதிர்ப்பு 57, நடுநிலை 20. இந்தப் பெட்டியைத் திறந்து ஓட்டை தேடும் ஆய்வாளர்கள்மீது வழக்குப் போட மாட்டோம் என்ற உறுதிமொழியாவது வேண்டும் என்று இணைய உரிமைகளுக்காகப் போராடும் ஈஎஃப்எஃப் அமைப்பு கேட்டிருந்தது. அது ஏற்கப்படவில்லை. அன்றே ஈஎஃப்எஃப் கூட்டமைப்பிலிருந்து விலகியது.

பூட்டின் விளைவை இந்தியப் பயனர்கள் நேரில் பார்த்தார்கள். 2018 ஆகஸ்டில் இங்கே அறிமுகமான போக்கோ எஃப்1 கைபேசியில் அந்த ஆண்டின் உயர்நிலைச் சிப்பான ஸ்னாப்டிராகன் 845 இருந்தது. முழு எச்டி திரையும் இருந்தது. வைடுவைனின் உயர்நிலைப் பாதுகாப்புச் சான்றான எல்1 மட்டும் இல்லை. அதனால் நெட்ஃபிளிக்ஸில் எச்டி தரம் கிடைக்கவில்லை. திரை போதும், சிப் போதும், சந்தாவும் கட்டியாயிற்று. சான்று இல்லை என்பதால் மங்கலான படம். அடுத்த ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு வந்த பிறகே அந்தக் கைபேசிகளுக்கு எல்1 கிடைத்தது. இங்கே தளம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது பெட்டி. அதன் பதிலைத் திருத்த எந்த நீட்சியாலும் முடியாது.

2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. மூடிய செருகுநிரலிலிருந்து இணையம் விடுதலை பெற்றதாக அன்று பலர் எழுதினார்கள். அதற்கு மூன்றாண்டுக்கு முன்பே இன்னொரு மூடிய செருகுநிரல் தரநிர்ணயத்தின் ஆசியோடு உள்ளே வந்துவிட்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸில் அமைப்புகள் பக்கத்தில் 'டிஆர்எம்' என்று தேடினால் ஒரு சிறு கட்டம் வரும். அதிலுள்ள குறியை எடுத்துவிட்டால் இந்தப் பெட்டி உங்கள் கணினியில் ஓடாது.

கேட்பவரும் சொல்பவரும்

யூடியூபும் குரோமும் ஒரே நிறுவனத்துடையவை. கேள்வி கேட்கும் தளமும் அவர்களுடையது. பதில் சொல்லும் உலாவியும் அவர்களுடையது. ஓபரா 2013இலும் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020இலும் குரோமின் எஞ்சினுக்கே மாறிவிட்டன. தனி எஞ்சினோடு பரவலாகப் புழங்குபவை ஆப்பிளின் சஃபாரியும் மோசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸும்தான். மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதியும் கூகுளோடு செய்துகொண்ட தேடல் ஒப்பந்தத்திலிருந்தே வருகிறது.

நீட்சிகளுக்கான விதிமுறையையும் உலாவி வைத்திருப்பவரே எழுதுகிறார். குரோம் கொண்டுவந்த 'மேனிஃபெஸ்ட் வி3' விதிகளின் கீழ், போகும் வரும் கோரிக்கைகளை நீட்சி தானே பார்த்து அந்தக் கணத்தில் தடுக்கும் பழைய வசதி பொதுப் பயனருக்கு இல்லாமல் போயிற்று. முன்கூட்டியே தந்த பட்டியலை வைத்து உலாவியே தடுக்கும். விளம்பரத் தடுப்பில் பேர்பெற்ற யுபிளாக் ஆரிஜின் அதன் பழைய வடிவில் குரோமில் ஓடாமல் போனது இதனால்தான். ஃபயர்ஃபாக்ஸ் பழைய வசதியையும் விட்டுவைத்திருக்கிறது. கோடெக் பதிலை மாற்றும் நீட்சிகளை இந்த விதிகள் தடுப்பதில்லை. அடுத்த விதித் திருத்தத்தை எழுதப்போகிறவர் யார் என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது.

எல்லாத் தளங்களும் இதே வழியில் போகவில்லை. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் எம்பி4ஐ அனுமதிக்கலாமா என்று 2014இல் பங்களிப்பாளர்களிடமே கேட்டார்கள். காப்புரிமைச் சுமை உள்ள வடிவம் வேண்டாம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியாவுக்காகக் கைபேசியில் ஒரு தெருக்கூத்தைப் படம்பிடிப்பவரும் அந்த எம்பி4ஐ வெப்எம் போன்ற கட்டணமில்லா வடிவத்துக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமம் எதற்காக என்று கேட்டு, பயன்படுத்துபவர்களே கூடி முடிவெடுத்த அரிதான இடம் அது.

கட்டணமில்லாக் கோடெக் வென்றால் பயனருக்குச் சுதந்திரம் வந்துவிடும் என்று 2010இல் நம்பினார்கள். ஏவி1 வென்றுகொண்டிருக்கிறது, பதில் சொல்லும் அதிகாரம் பயனரிடம் வந்து சேரவில்லை. கோடெக் திறந்ததாக இருப்பது தேவை, போதுமானதில்லை. உலாவியின் பதிலை உடையவர் மாற்ற முடிய வேண்டும் என்பதும் தரநிர்ணயத்தில் ஏறினால்தான் சுதந்திரம் முழுமையாகும். அதுவரை நம் கையில் இருப்பது மூன்று வேலை: வீடியோ விற்கும் நிறுவனத்துடையது அல்லாத ஒரு உலாவியையாவது கணினியில் வைத்திருங்கள், அதன் அமைப்புகள் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், கணினி திணறினால் புதிது வாங்கக் கிளம்பும் முன் அந்தக் கருப்புப் பெட்டியில் கோடெக் என்னவென்று பாருங்கள்.